பழைய ஓவியங்களைப் பரணில் ஏற்றுவதற்கு முன்

தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டை, புளியரைப் பக்கத்து வீடுகளில், நாமும் பிள்ளைகளும் வரைந்த பழைய ஓவியங்களை வைத்திருப்பது கொஞ்சம் சிக்கல்தான். மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நேரே நுழைகிறது. ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை சாரல். குற்றாலத்துக்குக் கூட்டம் வருகிற அதே நேரத்தில் நம் பரணுக்குப் பூஞ்சணம் வரும். ஆகவே, "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று எல்லாவற்றையும் கட்டிப் பரணில் போடுவதுதான் இங்கே பெரிய தவறு. வைப்பதா, கொடுப்பதா, கழிப்பதா என்று நீங்கள் முடிவெடுக்காவிட்டால் ஈரம் எடுத்துவிடும்.

கட்டைப் பிரிப்பதற்குப் பங்குனி, சித்திரைதான் சரியான நேரம். சாரலில் பிரித்தால் போஸ்டர் கலர் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இழுத்ததும் வண்ணம் பெயர்ந்து வரும். அதற்காக மொட்டைமாடி வெயிலில் விரித்துவிடாதீர்கள், ஸ்கெட்ச் பேனா நிறமெல்லாம் வெளுத்துப்போகும். நிழலும் காற்றும் போதும். பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடைத்தால் தாளுக்குள் இன்னும் தேய்ந்து இறங்கும். நன்றாக உலர்ந்த பிறகு, மூக்கை மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

பிள்ளை வரைந்த படம், ஓவியத் தேர்வுக்குப் போட்ட தாள் என்று ஆசையாக வைத்திருப்பதை நேரே லேமினேஷன் கடைக்குத்தான் கொண்டுபோகிறோம். அங்கே சூட்டில் உருகும் பசை தாளின் இழைக்குள் போய்விடும், பிறகு பிரிக்கவே முடியாது. ஆயில் பேஸ்டல், கிரேயான் படமென்றால் அந்தச் சூட்டிலேயே இளகிவிடும். தாளில் ஈரம் இருந்தால் அதுவும் உள்ளேயே அடைபடும். கிழிசலுக்கு ஒட்டும் செல்லோ டேப்பும் இதே ரகம்தான்: சில வருடத்தில் பிளாஸ்டிக் உதிர்ந்துவிடும், மஞ்சள் கறை மட்டும் நிற்கும். செய்தித்தாளில் சுற்றினால் அதிலுள்ள அமிலம் படத்தையும் பழுப்பாக்கும். இடையிடையே வெள்ளைத் தாள் வைத்து, பெட்டியில் படுக்கையாக அடுக்கினால் போதும்.

படத்துக்குச் சட்டம் (பிரேம்) போடுவதென்றால், கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் மவுண்ட் என்கிற அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். மழை அடிக்கிற மேற்குச் சுவரில் மாட்டவே வேண்டாம்.

போட்டோ எடுத்துவிட்டு அசலைக் கழிப்பதில் தப்பில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் அனுப்பியதையே சேமித்து வைக்காதீர்கள், அது சுருங்கிய படம்.

புனலூர்ச் சித்தி வீட்டில் மூன்றடி கேன்வாஸுக்குச் சுவர் இருக்கிறதா என்று கேட்காமல் கொண்டுபோய் இறக்குவது, நம் பரணை அவர்கள் தலையில் கட்டுவதுதான். விற்பது வேறு கதை: 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிக் கொடுக்காதவரை, படம் கைமாறினாலும் பதிப்புரிமை வரைந்தவரிடமே இருக்கும்.

செங்கோட்டை முன்பு திருவிதாங்கூரோடும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர். பழைய வீட்டுப் பெட்டியில் உங்கள் படங்களுக்கு அடியில் தாத்தா காலத்து, திருவிதாங்கூர் ஓவியர் ரவிவர்மாவின் அச்சுப் படம் கிடந்தால் ஆச்சரியமில்லை. அதையும் சேர்த்துக் கழித்துவிடாதீர்கள். நூறு வயது தாண்டிய ஓவியம் 1972-ம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டிலுள்ள பிள்ளைக்கு அதைத் தனியார் அனுப்ப முடியாது.

கழிப்பது என்று முடிவாகிவிட்டால் வெந்நீர் அடுப்பில் மட்டும் போடாதீர்கள். பழைய மஞ்சள், சிவப்பு வண்ணங்களில் ஈயமோ காட்மியமோ இருக்கலாம், புகை நல்லதல்ல. வெறும் பென்சில் படங்களைப் பழைய பேப்பர்க்காரரிடம் போடலாம். கேன்வாஸ் என்றால் மேலேயே புதிதாக வரையலாம். ஆனால் எண்ணெய் வண்ணத்தின் மேல் அக்ரிலிக் பூசினால் பிடிக்காது, உரிந்து வரும்.