மேட்ச் முடிவை மாற்றிய மீறல் எது? ரோபோ போட்டி நடுவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விதிமீறல் நடந்ததா என்பது ஒரு கேள்வி. அந்த மீறல் வெற்றி தோல்வியை மாற்றியதா என்பது வேறு கேள்வி. கடலூரிலும் புதுச்சேரியிலும் பள்ளி, கல்லூரி ரோபோ போட்டிகளில் நடுவராக நிற்கப் போகிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். இரண்டையும் சேர்த்துக் குழப்பினால் ஏதாவது ஒரு பக்கத்துப் பிள்ளைகளுக்கு அநியாயம் நடந்துவிடும்.

மாணவர்களுக்கான வெக்ஸ் வி5 ரோபோ போட்டியை எடுத்துக்கொள்வோம். ரெட், ப்ளூ என இரண்டு அலையன்ஸ் (கூட்டணி), ஒவ்வொன்றிலும் இரண்டு அணிகள். 15 வினாடி ரோபோ தானாகவே ஓடும் ஆட்டோ, பிறகு 1 நிமிடம் 45 வினாடி மாணவர் ஓட்டுவது. மீறல் முடிவைப் பாதித்ததா என்பதற்கு அதன் மேனுவல் (விதிப்புத்தகம்) சொல்லும் அளவுகோல் ஒன்றுதான்: ஜெயித்தவரும் தோற்றவரும் அந்த மீறலால் இடம் மாறினார்களா?

அப்படியென்றால் மேட்ச் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதற்குத் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனாலும் நிறைய பேர் சொல்லிவிடுகிறார்கள். ஒரு ரோபோ மற்றொன்றைக் குப்புறக் கவிழ்த்ததும் கூட்டம் கத்தும், நடுவரும் அந்த நிமிஷமே மனதுக்குள் ‘டிஸ்குவாலிஃபை’ (தகுதி நீக்கம்) என்று எழுதிவிடுவார். மீறலைக் குறித்துக்கொள்ளுங்கள், எத்தனையாவது வினாடி என்று போடுங்கள், அதோடு விடுங்கள். ஸ்கோர் எண்ணி முடித்த பிறகுதான் அடுத்த பேச்சு. எண்ணிப் பார்க்கும்போது மீறிய அலையன்ஸே தோற்றிருந்தால் அந்த மீறல் முடிவை மாற்றியதாக ஆகாது. கவிழ்த்த விதம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் சரி. அது கடுமையான மீறலா, வேண்டுமென்றே செய்ததா என்பதைத் தனியாகப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும்.

அதிகம் தவறு நடப்பது கணக்கில். வெக்ஸின் 2025-26 பருவத்து ஆட்டமான புஷ் பேக்கையே எடுத்துக்கொள்வோம். ரோபோக்கள் பிளாக்குகளை எடுத்துக் கோலில் போட வேண்டும். கோலில் விழும் ஒவ்வொரு பிளாக்குக்கும் 3 புள்ளி. நீளமான கோலில் குறித்துவைத்திருக்கும் கட்டுப்பாட்டுப் பகுதியில் யாருடைய பிளாக் அதிகமோ அவர்களுக்குக் கூடுதலாக 10. திருப்பாதிரிப்புலியூர் அணி ரெட்டில், லாஸ்பேட்டை அணி ப்ளூவில் என்று வைத்துக்கொள்வோம். ரெட் பக்கத்து மாணவன் ஒருவன் களத்துக்குள் கையை நீட்டி, உருண்டு போன பிளாக்கைத் தன் ரோபோ பக்கம் தட்டிவிடுகிறான். ரோபோ அதை எடுத்து நீளமான கோலில் போட்டுவிடுகிறது. மேட்ச் முடிகிறது: ரெட் 74, ப்ளூ 62.

அவசரத்தில் பார்ப்பவர், ‘ஒரு பிளாக் 3 புள்ளி, வித்தியாசம் 12, ஒன்றும் மாறவில்லை’ என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். கோலுக்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். அந்த ஒரு பிளாக்கை எடுத்துவிட்டால் கட்டுப்பாட்டுப் பகுதியில் ரெட்டும் ப்ளூவும் சமம் என்றால், அந்த 10 புள்ளியும் ரெட்டுக்கு இல்லை. 74-இல் 13 போனால் 61. ஜெயித்திருக்க வேண்டியது ப்ளூ. அதே பிளாக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வெளியே கிடந்திருந்தால் 71, ரெட்டின் வெற்றி நிற்கும். தப்பு ஒன்றுதான், தீர்ப்பு இரண்டு. அதனால்தான் களத்தைக் கலைப்பதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டாக வேண்டும். பிளாக்குகளை அள்ளிவிட்டால் பிறகு எதை வைத்து எண்ணுவது?

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. “எங்க ரோபோவை அவங்க பிடிச்சு வைக்கலைன்னா இன்னும் பத்து பிளாக் போட்டிருப்போம் சார்” என்று பிள்ளை கண் கலங்கிச் சொல்லும். நமக்கும் மனசு இளகும். ஆனால் நடந்திருக்கக்கூடியதையெல்லாம் அடுக்கிக்கொண்டே போனால் எந்த மேட்ச்தான் நிலைக்கும்? மீறலோடு நேரடியாகச் சேர்ந்த செயலை மட்டும் பாருங்கள். எதிர் ரோபோவை, நடுவர் எண்ணும் ஐந்து எண்ணிக்கைக்கு மேல் மடக்கி வைக்கக் கூடாது என்பது விதி. ஒன்பது எண்ணும் வரை மடக்கினால் மீறல் அந்த மேலதிக நான்கு எண்ணிக்கைதான். பிடிபட்ட ரோபோ அந்த நேரத்தில் கோலை நோக்கி நின்றதா, கையில் பிளாக் இருந்ததா, இல்லை மேட்ச் முழுக்க மோட்டார் மக்கர் பண்ணி ஓரமாகவே கிடந்ததா? பதில் அங்கே இருக்கிறது.

சின்னச் சின்ன மீறல்களைத் தனித்தனியாகப் பார்த்து ‘இது ஒன்றுமில்லை’ என்று தள்ளிவிடுவதும் தப்பு. ஒரே மேட்சில் நடந்தவை சேர்ந்து முடிவை மாற்றலாம். கூட்டிப் பார்க்க வேண்டும்.

பெற்றோர் செல்போனை நீட்டுவார்கள். வெக்ஸ் விதிப்படி நடுவர் வீடியோவையோ போட்டோவையோ பார்த்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. எல்லா மேட்சையும் எல்லாக் கோணத்திலும் எடுத்த வீடியோ இருக்கப் போவதில்லை. போன் வைத்திருக்கிற அணிக்கு ஒரு நியாயம், இல்லாத அணிக்கு ஒரு நியாயம் என்று ஆகிவிடும். தலைமை நடுவரிடம் வந்து கேட்க வேண்டியதும் ஓட்டிய மாணவர்கள்தான், மிஸ்ஸோ அப்பாவோ இல்லை. இதில் கொஞ்சம்கூட இளக்கம் காட்டாதீர்கள். எட்டாவது படிக்கிற பிள்ளை தன் கணக்கைத் தானே சொல்லி வாதாடக் கற்றுக்கொள்ளும் இடம் அது.

தண்டனை யாரைத் தொடும் என்று தெரியாமல் எழுதிவிடுவதும் நடக்கிறது. வெக்ஸில் தகுதிச் சுற்றில் டிஸ்குவாலிஃபை ஆவது மீறிய அணி மட்டும். கூட நின்ற பார்ட்னர் அணியின் வெற்றி அப்படியே இருக்கும். நாக்-அவுட்டில் அலையன்ஸ் முழுவதும் போகும். ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் என்ற இன்னொரு ரோபோ போட்டியில் பெரும்பாலான மீறல்களுக்கு வழியே வேறு: பெனால்ட்டி புள்ளி எதிரணி ஸ்கோரில் ஏறிவிடும், முடிவு மாறியதா என்று தனியாக ஆராய வேண்டிய வேலை குறைவு. ஒன்றின் பழக்கத்தை இன்னொன்றில் கொண்டுவந்து வைக்காதீர்கள்.

நம் கல்லூரி சிம்போசியங்களில் நடக்கும் ரோபோ சாக்கர், ரோபோ ரேஸுக்கு அந்தந்தத் துறை மாணவர்களே விதி எழுதுகிறார்கள். அங்கே மேனுவல் என்று பெரிதாக எதுவும் இருக்காது, ஒரு பக்கத் தாள்தான். அந்தத் தாளில் மூன்று விஷயம் கட்டாயம் இருக்கட்டும்: மீறலுக்குப் புள்ளி வெட்டா, முடிவு மாறினால் மட்டும் டிஸ்குவாலிஃபையா; வீடியோ செல்லுமா செல்லாதா; ஆட்சேபணையை எதுவரை சொல்லலாம். காலையில் பதிவு தொடங்கும் முன்பே அதை மேசையில் ஒட்டி, அணிக்கு ஒரு பிரதி கொடுத்துக் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.