50 லட்ச ரூபாய் எலெக்ட்ரிக் கார் வாங்கலாமா வேணாமா, எப்படி முடிவு பண்றது

பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ்1, பிஒய்டி சீலயன் 7, ஹூண்டாய் ஐயானிக் 5 இதுல எது பெஸ்ட்டுனு நிறைய பேர் வீடியோ வீடியோவா பாத்துட்டே இருக்காங்க. எந்த காருங்கறது ரெண்டாவது கேள்விங்க. எலெக்ட்ரிக்கே உங்களுக்கு செட் ஆகுமாங்கறதுதான் முதல் கேள்வி, அதுக்கு பதில் ஷோரூம்ல கிடைக்காது, உங்க வீட்டு பார்க்கிங்லயும் இந்த காரை எத்தனை வருஷம் வச்சிருக்க போறீங்கங்கறதுலயும்தான் இருக்கு. தமிழ்நாட்டு கணக்குல சொல்றேன், வேற ஸ்டேட்னா வரி மாறும்.

முதல்ல பார்க்கிங். சொந்த வீடுன்னா பிரச்சனை பாதி முடிஞ்சது, த்ரீ ஃபேஸ் இருக்கா, சாங்ஷன்ட் லோடு, அதாவது உங்க வீட்டுக்கு ஈபி அனுமதிச்ச கிலோவாட், எவ்வளவுனு ஈபி கார்டை பாருங்க, 7.4 இல்ல 11 கிலோவாட் சார்ஜர் போடணும்னா லோடு ஏத்தறதுக்கு எழுதிக் குடுக்க வேண்டியிருக்கும், எர்த்திங் சரியா இருக்கானு நல்ல எலெக்ட்ரீஷியன வச்சு செக் பண்ணிக்கணும், எர்த்திங் சரியில்லன்னா நிறைய கார் சார்ஜே ஏத்திக்காது. 15 ஆம்ப்ஸ் பிளக்லயே போட்டுக்கலாமேன்னா போடலாம், ஆனா மணிக்கு 3 யூனிட்தான் ஏறும், 66 யூனிட் பேட்டரி காலியா இருந்தா முழுசா ஏற 20 மணி நேரத்துக்கு மேல ஆகும். தினமும் 40, 50 கிலோமீட்டர் ஓட்றவங்களுக்கு இதுவே போதும்.

அபார்ட்மென்ட்னா காருக்கு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி அசோசியேஷன்கிட்ட எழுத்துல சம்மதம் வாங்கிடுங்க. செக்ரட்டரி வாயால "பாத்துக்கலாம் சார்"னு சொன்னது கணக்குல வராது, அடுத்த வருஷம் செக்ரட்டரி மாறிடுவாரு. உங்க ஈபி மீட்டர்ல இருந்து உங்க பார்க்கிங் ஸ்லாட் வரைக்கும் கேபிள் எந்த வழியா போகும், அதுக்கு என்ன செலவுங்கறதையும் முதல்லயே பாத்துடுங்க. இது எதுவுமே நடக்காது, வாராவாரம் வெளியில போய்தான் சார்ஜ் போடணும்னா என் கருத்து நேரா சொல்றேன், வாங்காதீங்க, இவ்வளவு காசு குடுத்துட்டு ஞாயித்துக்கிழமை சார்ஜிங் ஸ்டேஷன்ல உக்காந்திருக்க வேண்டாம்.

அடுத்தது பணம், இங்கதான் எலெக்ட்ரிக்குக்கு பெரிய பிளஸ் இருக்கு. ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், பெரிய பெட்ரோல் காருக்கு 2025 செப்டம்பர் 22-ல இருந்து 40. தமிழ்நாட்ல 2023 நவம்பர்ல ரோடு டாக்ஸை ஏத்தினதுக்கு அப்புறம் 20 லட்சத்துக்கு மேல உள்ள காருக்கு 20 சதவீதம், அதாவது 50 லட்சம் பெட்ரோல் காருக்கு ரோடு டாக்ஸ் மட்டும் 10 லட்சம். பேட்டரி காருக்கு 2023 ஈவி பாலிசில முழு விலக்கு குடுத்தாங்க, ஆனா இந்த மாதிரி விலக்குக்கு எப்பவும் ஒரு கடைசி தேதி இருக்கும், ரிஜிஸ்ட்ரேஷன் ஆகற தேதில அது அமல்ல இருக்கானு ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டுட்டு புக் பண்ணுங்க, டெலிவரி லேட்டானா 10 லட்சம் வித்தியாசம். சென்னைலயே அசெம்பிள் ஆகற ஐஎக்ஸ்1 லாங் வீல்பேஸ் 2025 ஜனவரில 49 லட்சம் எக்ஸ்ஷோரூம்ல வந்தப்போ ஏறக்குறைய பெட்ரோல் எக்ஸ்1 விலைதான், ஆன்ரோடு பாத்தா எலெக்ட்ரிக் கம்மி.

லோன் வட்டிக்கு வருமான வரி சட்டத்தோட 80ஈஈபி பிரிவுல 1.5 லட்சம் கழிக்கலாம்னு இன்னும் சில சேல்ஸ் ஆளுங்க சொல்லுவாங்க, அது 2023 மார்ச் 31-க்குள்ள சாங்ஷன் ஆன லோனுக்கு மட்டும்தான், நம்பாதீங்க. கம்பெனி பேர்ல வாங்கறவங்களுக்கு நிஜமான லாபம் வேற இடத்துல இருக்கு, வருமான வரி கணக்குல எலெக்ட்ரிக் வண்டிக்கு வருஷம் 40 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம், சாதாரண காருக்கு 15, ஆடிட்டர்கிட்ட உக்காந்து போட்டு பாருங்க.

ஓட்ற செலவு? மாசம் 1,000 கிலோமீட்டர்னா, பெட்ரோல் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் குடுத்தா 8,000 ரூபாய்க்கு மேல ஆகும். எலெக்ட்ரிக்ல யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் வச்சா 170 யூனிட் சொச்சம், 2,000 ரூபாய்க்குள்ள முடியும். ஆனா ஒண்ணு, ஈபி பில் 2 மாசத்துக்கு, காருக்கு மட்டும் 340 யூனிட் சேருது, வீட்டு உபயோகம் ஏற்கனவே 400 கிட்ட இருந்தா 500-ஐ தாண்டி வேற ஸ்லாப் கணக்குக்கு போயிடும், வீட்டு கரண்டும் சேர்ந்தே விலை ஏறும். மாடில சோலார் போட இடம் இருந்தா அதையும் சேத்து யோசிங்க.

இவ்வளவு மிச்சம் ஆகுதேனு சந்தோஷப்படறதுக்கு முன்னாடி வருஷக் கணக்குக்கு வாங்க, என்னைப் பொறுத்தவரை முடிவே இதுலதான் இருக்கு. 2020 அக்டோபர்ல மெர்சிடிஸ் ஈக்யூசி 99 லட்சத்துக்கு வந்துச்சு, 2021-ல ஜாகுவார் ஐ-பேஸ், ஆடி இ-ட்ரான் ரெண்டும் கோடியை ஒட்டி வந்துச்சு. அந்த ஈக்யூசியும் ஐ-பேஸும் இப்போ புதுசா கிடைக்காது, இ-ட்ரான் 2023-ல க்யூ8 இ-ட்ரானா மாறிச்சு, அதை தயாரிச்ச பிரஸ்ஸல்ஸ் ஃபேக்டரியையே 2025 பிப்ரவரில மூடிட்டாங்க. புது மாடல்ல பேட்டரி பெருசாகுது, விலையும் குறையுது, அப்போ பழசை யாரு நல்ல விலைக்கு கேப்பாங்க? 3 வருஷத்துக்கு ஒரு தடவை கார் மாத்தற ஆளுன்னா பெட்ரோல்ல மிச்சம் பிடிச்சது மொத்தமும் ரீசேல்ல போயிடும், அதுக்கு மேலயும் போகும். பேட்டரி வாரன்டி பொதுவா 8 வருஷம், அந்த 8 வருஷமும் வச்சு ஓட்றவங்க மட்டும் புதுசா வாங்குங்க. மத்தவங்க லீஸ் பாருங்க, இல்லன்னா 2, 3 வருஷம் ஓடின வண்டிய கம்பெனி சர்வீஸ் சென்டர்ல பேட்டரி ஹெல்த் ரிப்போர்ட் எடுத்துட்டு வாங்குங்க, அதுல நல்ல லாபம் இருக்கு.

ரேஞ்ச் விஷயத்துல ப்ரோஷர் நம்பரை மறந்துடுங்க. 531 கிலோமீட்டர்னு போட்ட ஐஎக்ஸ்1-ல இருக்கறது 66 யூனிட் பேட்டரி, ஹைவேல ஏசி போட்டு 100-ல போனா யூனிட்டுக்கு 6-னு வச்சாலும் 390 கிட்டதான், 10 சதவீதம் மிச்சம் வச்சா 350. சென்னைல இருந்து திருச்சி போயிடலாம், மதுரை 460 கிலோமீட்டர், நடுவுல ஒரு சார்ஜ் கட்டாயம். அரை மணில 80 சதவீதம்ங்கறது 130 கிலோவாட் சார்ஜர் கிடைச்சா மட்டும், வழில 60 கிலோவாட் மெஷின் கிடைச்சு அதே மெஷினோட இன்னொரு சார்ஜிங் கன்ல வேற வண்டி நின்னா பவர் பாதியா பிரியும், ஒன்றரை மணி நேரம். வருஷத்துக்கு சில தடவைதான் ஊருக்கு போறீங்கன்னா சமாளிச்சுடலாம், வாரம் ரெண்டு தடவை கோயம்புத்தூர், பெங்களூர்னு ஓட்றவங்க பெட்ரோல் இன்ஜினும் மோட்டாரும் சேர்ந்த, பிளக்ல சார்ஜ் போட வேண்டாத ஸ்ட்ராங் ஹைபிரிட் பக்கம் போங்க.

பேட்டரி அடியில இருக்கறதால நம்ம ஸ்பீடு பிரேக்கர் பெரிய விஷயம். பிஎம்டபிள்யூ ஐ4 கிரவுண்ட் கிளியரன்ஸ் 125 மில்லிமீட்டர்தான், குடும்பத்தோட 5 பேர் உக்காந்தா இன்னும் இறங்கும். வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் இருக்கறவங்களுக்கு 2023 மிக்ஜாம் புயல் ஞாபகம் இருக்கும், இன்சூரன்ஸ் எடுக்கும்போது பார்ட்ஸ் தேய்மானம் கழிக்காம கிளைம் தர்ற ஜீரோ டெப்ரிசியேஷனோட நிறுத்தாதீங்க, தண்ணி பூந்தாலும் அடி தட்டினாலும் பேட்டரிக்கு கவர் உண்டானு பாலிசி வாசகத்துல காட்டச் சொல்லுங்க.

கடைசியா டெஸ்ட் டிரைவ். 10 நிமிஷம் ஓட்டிட்டு வந்துடாதீங்க, ஒரு நாள் ராத்திரி வண்டிய வீட்ல விடச் சொல்லி கேளுங்க, நிறைய டீலர் குடுப்பாங்க. உங்க ரேம்ப்ல ஏறி இறங்குதா, அப்பா அம்மா பின்சீட்ல முட்டி தூக்காம உக்கார முடியுதானு பாருங்க, தரை உயரமா இருக்கறதால நிறைய எலெக்ட்ரிக் கார்ல தொடைக்கு சப்போர்ட் இருக்காது. ஹைவோல்டேஜ் வேலை உங்க ஊர் சர்வீஸ் சென்டர்லயே பண்ணுவாங்களா, ரீகால் எதுவும் பாக்கி இருக்கானும் கேளுங்க, 2024-ல ஐயானிக் 5-க்கு ஐசிசியூனு சொல்ற சார்ஜிங் கன்ட்ரோல் யூனிட்டுக்காக 1,744 வண்டிய திரும்ப கூப்பிட்டாங்க, அது மாதிரி ரீகால் வந்தப்போ எத்தனை நாள்ல சரி பண்ணி குடுத்தாங்கனு அதே டீலர்கிட்ட கார் வாங்கின ரெண்டு பேர்கிட்ட பேசிட்டு அப்புறமா செக் எழுதுங்க.