அடியில்லா வாளியில் தக்காளி: வளைய முறை செய்முறை விளக்கம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக் கொல்லையில் மூன்று முறை தக்காளி நட்டேன். மூன்று முறையும் பூ விடும் நேரத்தில் இலை பச்சையாக இருக்கும்போதே செடி தலை தொங்கிப் போனது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். கடைசியில் ஒரு தண்டை அறுத்து, குவளைத் தண்ணீரில் நுனி படும்படி பிடித்துப் பார்த்தேன். வெட்டிய இடத்திலிருந்து பால் போல வெள்ளை இழை இறங்கியது. பாக்டீரியா வாடல் நோய். மண்ணில் பல வருடம் தங்கும். கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றையும் பிடிக்கும். தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டுக் கொல்லைகளில் நாம் காலங்காலமாக நட்டது இவற்றைத்தானே. மருந்தடித்துத் தீராது, செடியை அந்த மண்ணிலிருந்து பிரிக்க வேண்டும்.

அதற்குத்தான் 'ரிங் கல்ச்சர்' என்ற வளைய முறை. பிரிட்டனில் கண்ணாடிக் கூடத் தக்காளிக்காக 20ஆம் நூற்றாண்டின் நடுவில் பரவியது. அடியில்லாத தொட்டியை ஜல்லிப் படுக்கைமேல் வைத்துச் செடியை நடுவார்கள். தொட்டிக் கலவையில் இருக்கும் வேர் உரத்தை எடுக்கும், ஜல்லிக்குள் இறங்கும் வேர் தண்ணீரைக் குடிக்கும். உரம் மேலே, தண்ணீர் கீழே. இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் கூரை. குளிர் நாட்டில் சூட்டைப் பிடித்து வைக்கக் கூடம் கட்டுகிறார்கள். நமக்குச் சூடு போதும், மழைதான் தொல்லை. அதனால் மேலே மட்டும் ஒளி புகும் பிளாஸ்டிக், சுற்றிலும் பூச்சி வலை. நாலு பக்கமும் மூடினால் உள்ளே செடி வெந்துவிடும்.

அடுத்தது படுக்கை. நாலு செடிக்கு 2 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம் போதும். பலகையோ செங்கல்லோ அடுக்கி 15 செ.மீ. உயரச் சட்டம் கட்டி, உள்ளே தடித்த பிளாஸ்டிக்கைக் கிழிசல் இல்லாமல் விரியுங்கள். பழைய மண் வேரைத் தொடக்கூடாது என்பதால் இதில் சிக்கனம் வேண்டாம். கழுவிய சிறு ஜல்லிக்கல்லை மேல்விளிம்பு வரை நிரப்புங்கள். படுக்கையின் பக்கச் சுவரில் 10 செ.மீ. உயரத்தில் சில துளைகள் போடுங்கள். அதிகத் தண்ணீர் அந்த வழியாக வெளியேறிவிடும். தண்ணீர் கல்லுக்கு மேலே தெரியாது. இது மிக முக்கியம். தேங்கிய தண்ணீர் வெளியே தெரிந்தால் ஏடிஸ் கொசு முட்டையிடும். டெங்கி பார்த்த குடும்பங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வளையத்துக்கு, உணவுப் பொருள் வந்த பெரிய பிளாஸ்டிக் வாளியை அடி நீக்கி 25 செ.மீ. உயரத்துக்கு வெட்டுங்கள். அகலமும் ஏறக்குறைய அதே அளவு இருக்கட்டும். 45 செ.மீ. இடைவெளியில் ஜல்லிமேல் வையுங்கள். உள்ளே, உப்புப் போக நன்றாக அலசிய தேங்காய் நார்த்தூள் இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, சுட்ட உமி ஒரு பங்கு. கொல்லை மண் ஒரு பிடிகூட வேண்டாம்.

வெப்பம் தாங்கும் செர்ரி தக்காளியில் தொடங்குங்கள். பெரிய பழ வகைகள் நம் இரவுச் சூட்டில் பூவை உதிர்த்துவிடும். நாற்று ஒரு சாண் உயரம் வந்ததும் நட்டு, ஜல்லியை நனைத்து வையுங்கள். முதல் இரண்டு வாரம் வளையத்துக்குள்ளும் தண்ணீர் ஊற்றுங்கள். வேர் கீழே இறங்கியபின் வெறும் தண்ணீர் ஜல்லிக்கு மட்டும். மேலே ஊற்றக் கை பரபரக்கும், ஊற்றாதீர்கள். உரம் கரைந்து கீழே போய்விடும்.

முதல் கொத்தில் காய் பிடித்ததும் சாம்பல் சத்து (பொட்டாசியம்) அதிகமுள்ள உரத்தை, அதன் பையில் அச்சிட்டிருக்கும் அளவில் கரைத்து, வாரம் இரு முறை வளையத்துக்குள் ஊற்றுங்கள். கயிறு கட்டிச் செடியை ஏற்றி, இலைக்கக்கத்தில் வரும் பக்கக் கிளைகளைக் கிள்ளுங்கள். வலைக்குள் காற்று குறைவு. காலை பத்து மணி வாக்கில் பூங்கொத்தை விரலால் மெல்லத் தட்டினால் மகரந்தம் உதிரும்.

காயின் அடி கறுத்தால் பூச்சி என்று எண்ணி மருந்து வாங்க ஓடாதீர்கள். ஒருநாள் காய்ந்து ஒருநாள் நனைந்தால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராது. ஜல்லி எப்போதும் ஈரமாக இருந்தால் புதிய காய்கள் நன்றாக வரும்.

நம் வெயிலில் செடியிலேயே பழுக்க விட்டால் நிறம் மஞ்சளோடியே நின்றுவிடலாம். காயில் லேசாகச் சிவப்பு ஓடியதும் பறித்து, வீட்டுக்குள் நிழலில் முறத்தில் பரப்புங்கள். சில நாளில் முழுச் சிவப்பு வரும். அதுவரை குளிர்பெட்டிக்குள் வைக்காதீர்கள், ருசி போய்விடும்.