ஏழாம் வாய்ப்பாடும் பல்லாங்குழியும்

நாலாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு ஏழாம் வாய்ப்பாடு என்றாலே கண் கலங்கிவிடும். ஆறேழு கேட்டால் 48 என்பாள், 36 என்பாள். என் முகத்தைப் பார்த்துப் பார்த்து மாற்றுவாள்.

முதலில் கணினியில் டக்ஸ் மேத் போட்டுக் கொடுத்தேன். இலவச விளையாட்டு. கணக்குகள் எரிகற்களாக மேலிருந்து விழும். விடையைத் தட்டினால் வெடிக்கும். ஆனால் கல் இறங்க இறங்க அவளுக்குப் பதற்றம்தான் ஏறியது. இரண்டாம் நாளே எழுந்து போய்விட்டாள். தப்பு என்னுடையது. கணக்கு புரியும் முன்பே வேகம் கேட்டுவிட்டேன்.

அப்புறம் அம்மாவின் பல்லாங்குழியை எடுத்தோம். ஒரு பக்கத்துக்கு 7 குழி. குழிக்கு ஒரு புளியங்கொட்டை போட்டால் 7, இரண்டு போட்டால் 14, மூன்று போட்டால் 21. ஏழாம் வாய்ப்பாடே அந்தப் பலகையில் இருக்கிறது! குழிக்கு ஆறு போட்டு அவளே எண்ணி 42 என்றாள். "அப்போ இன்னும் ஒவ்வொண்ணு போட்டா 49தானேப்பா?" என்று அவளாகக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

கடிகாரம் இல்லை, மதிப்பெண் இல்லை. எட்டேழுக்கு மட்டும் நான்கு நாள் ஆனது. ஆகட்டும் என்று விட்டேன். எண்ணுவதை அவளாகவே நிறுத்திய பிறகுதான் டக்ஸ் மேத்தை மறுபடி திறந்தோம், அதுவும் பயிற்சிப் பாடங்களை மட்டும், ஒவ்வொரு வாய்ப்பாடாக. இப்போது எட்டாம் வாய்ப்பாட்டுக்குப் பலகையில் ஒரு குழி குறைகிறது என்று பக்கத்தில் ஒரு கிண்ணம் வைத்திருக்கிறாள்.