ஃபோர்ட் கொச்சியில் மீன் வாங்கி, அங்கேயே சமைக்கக் கொடுத்துச் சாப்பிடுவது எப்படி?

ஃபோர்ட் கொச்சியில் சீன வலைகளை, அதாவது கரையில் நிறுத்திய பெரிய தூக்குவலைகளை ஒட்டி மீன் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பிடித்த மீனை எடை போட்டு வாங்கி, பக்கத்துச் சிறு உணவகங்களில் கொடுத்தால் கேட்டபடி சமைத்துத் தருவார்கள். முதன்முறை குடும்பத்தோடு போகிறவர்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் தராசுக்கு முன்னால்தான். ஆகவே மீன் கடையில்தான் நாம் அதிக நேரம் நிற்கப் போகிறோம்.

படி 1: நாள் பார்த்துப் போங்கள்

கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் விசைப்படகு இழுவலைக்குத் தடை. வள்ளங்கள் (நாட்டுப் படகுகள்) கடலுக்குப் போகும் என்றாலும் வரத்து குறையும், விலை ஏறும். மாலையில் கூட்டம் சேருமுன் போய்விடுங்கள். பசியோடு அழும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு யாராலும் பேரம் பேச முடியாது.

படி 2: செவுளைத் திறந்து பாருங்கள்

"இப்போதுதான் வலையில் விழுந்தது" என்பார் கடைக்காரர். சிரித்துக்கொள்ளுங்கள். கரையோர வலையில் பெரிய வஞ்சிரம் விழாது. அது கடலுக்குப் போன படகில் வந்தது. அதில் தவறில்லை, கெடாமல் இருக்கிறதா என்பதே கேள்வி. ஐஸில் கிடந்த நல்ல மீனுக்கும் கண் மங்கலாம் என்பதால் கண்ணை மட்டும் நம்பாதீர்கள். கட்டைவிரலால் செவுள் மூடியைத் தூக்குங்கள். உள்ளே ரத்தச் சிவப்பாக, ஈரமாக இருந்தால் வாங்கலாம். பழுப்பேறிக் கொழகொழவென்று இருந்தால் நகர்ந்துவிடுங்கள். சதையை அழுத்தினால் பள்ளம் உடனே மேலெழ வேண்டும்.

இறாலில் தலை கறுத்தோ தொங்கியோ இருக்கக் கூடாது. கணவாயின் மேல்தோலில் புள்ளிகள் தெளிவாகத் தெரிய வேண்டும். உடல் முழுக்க இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் பழையது. நண்டு உயிரோடு இருந்தால் மட்டும் வாங்குங்கள், அதையும் கையில் தூக்கிப் பார்த்து. உருவத்துக்கேற்ற கனம் இல்லையென்றால் உள்ளே தண்ணீர்தான்.

படி 3: யாருக்கு எந்த மீன்

கரிமீன் கேரளத்தின் மாநில மீன். மசாலா தடவி வாழையிலையில் பொதிந்து சுடும் 'பொள்ளிச்சது' பெரியவர்களுக்கு விருந்து. ஆனால் முள் அதிகம், குழந்தைகளுக்கு வேண்டாம். அவர்களுக்கு வஞ்சிரத் துண்டு வறுவல் போதும். அங்கே அதை நெய்மீன் என்று கேளுங்கள். வவ்வால் மீன் வேண்டுமென்றால் ஆவோலி என்று கேளுங்கள். நான்கு பேருக்கு முழு மீனாக ஒன்றேகால் கிலோ, கூடவே கால் கிலோ இறால் என் கணக்கு. தலை, குடல் போனால் முழு மீனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே குறையும்.

படி 4: விலையைப் பேசி முடியுங்கள்

முதலில் சொல்லும் விலைக்கு வாங்காதீர்கள். இரண்டு மூன்று கடைகளில் கேளுங்கள். கிலோவுக்கா, ஒரு மீனுக்கா என்பதைத் தெளிவாக்குங்கள். தட்டு வைத்த பிறகு தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு மீனை வைக்கச் சொல்லுங்கள்.

படி 5: சமையல் கூலி தனி

இதைத்தான் பலரும் மறக்கிறார்கள். கூலி கிலோவுக்கா, உணவு வகைக்கா, சோறும் ஆப்பமும் அதில் சேருமா என்று மீனைக் கொடுக்கும் முன்பே கேளுங்கள். கடைக்காரரே ஓர் உணவகத்தைக் கைகாட்டுவார். அங்கேதான் போக வேண்டும் என்பதில்லை. மீனை யாரோ ஒருவர் கையில் கொடுத்துவிட்டு வலையைப் படம் எடுக்கப் போகாமல், உங்களில் ஒருவர் சமையலறை வாசல்வரை கூடப் போங்கள்.

குடம்புளி போட்ட சிவப்பு மீன் கறி நல்ல காரமாக இருக்கும். குழந்தைகளுக்கான துண்டுகளில் மிளகாயைக் குறைக்க அப்போதே சொல்லிவிடுங்கள். எல்லாம் வந்து சேர முக்கால் மணி நேரமாவது ஆகும். முதலில் ஆப்பத்தை வரவழைத்துச் சிறுசுகளைச் சமாளியுங்கள்.

படி 6: பில்

பேசிய கூலியும் பில்லில் உள்ள கூலியும் ஒன்றா என்று பாருங்கள். கேட்காமல் மேசைக்கு வந்த தண்ணீர் பாட்டில்களும் அதில் ஏறியிருக்கும். திறக்காதவற்றைத் திருப்பிக் கொடுத்துக் கழிக்கச் சொல்லுங்கள்.