மூச்சு தயார், எலும்பு தயாரா? மெல்லிய ஷூவில் டிரெயில் ஓட மாறுகிறவர்களுக்கு

குஷன் இல்லாத, அடிப்பாகம் மெல்லிய ஷூ கூரியரில் வந்துவிட்டது, இந்த ஞாயிறே பெங்களூரின் துரஹள்ளிக் காட்டில், டிரெயிலில், அதாவது காட்டுப் பாதையில், ஒரு பத்து கிலோமீட்டர் போட்டுப் பார்த்துவிடலாம் என்று இருந்தால், கொஞ்சம் பொறுங்கள். ஷூவை மாட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்கு நடந்து போய்ப் பால் வாங்கி வாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு அவ்வளவுதான் வேலை. கேட்கச் சப்பென்று இருக்கும், தெரியும். ஆனால் இந்த மாற்றத்தில் ஏற்கெனவே நன்றாக ஓடுகிறவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம் என்பேன்: மூச்சு இருக்கிறது, தொடையில் பலம் இருக்கிறது, பதினைந்து கிலோமீட்டர் ஓட முடிகிறது, அதனால் ஓடிவிடுகிறார்கள், பாதத்துக்குள் இருக்கிற சின்னச் சின்ன எலும்புகளுக்கோ அந்த வேலை புதிது. தசை சில வாரத்தில் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாருக்கும் மாதக்கணக்கு.

என்னதான் மாறுகிறது என்று பார்ப்போம். வழக்கமான ரன்னிங் ஷூவில் குதிகால், விரல் பக்கத்தைவிட 8 முதல் 12 மில்லிமீட்டர் வரை மேலே நிற்கும். இந்த வித்தியாசத்தைத்தான் டிராப் என்கிறார்கள். மெல்லிய ஷூவில் டிராப் பூஜ்யம், அல்லது அதற்குப் பக்கத்தில். குதிகால் அந்த அளவு கீழே இறங்குவதால் ஒவ்வொரு அடியிலும் கெண்டைக்கால் தசையும், அதைக் குதிகாலோடு இணைக்கிற தசைநாரும் கூடுதலாக இழுபடும். குஷன் இல்லாததால் காலே தானாக முன்பாதத்தில் இறங்கப் பார்க்கும். முழங்காலுக்குச் சுமை குறையும், உண்மைதான், ஆனால் குறைந்தது எங்கேயும் காணாமல் போகவில்லை, கணுக்காலுக்கும் பாதத்துக்கும் இடம் மாறியிருக்கிறது.

ஹார்வர்டின் டேனியல் லீபர்மன் குழு 2010இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு இந்த மெல்லிய ஷூ அலையைப் பெரிதாக்கியது. வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்திலோ நடுப்பாதத்திலோ இறங்குகிறார்கள், குதிகாலில் இறங்கும்போது வருகிற முதல் அதிர்ச்சி அவர்களுக்குக் குறைவு என்றது அது. காயம் குறையும் என்று அதில் நிரூபிக்கவில்லை; விளம்பரங்கள்தான் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தன. ஐந்து விரல் ஷூ விற்கும் வைப்ரம் நிறுவனம், அதன் ஆரோக்கிய வாக்குறுதிகளுக்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கை 2014இல் 37.5 லட்சம் டாலர் சமரசத்தில், தவறை ஒப்புக்கொள்ளாமலே, முடித்துக்கொண்டது. நமக்கு அதைவிட உபயோகமானது 2013இல் வந்த இன்னொரு ஆய்வு: அனுபவமுள்ள ஓட்டக்காரர்கள் 10 வாரத்தில் அந்த ஷூவுக்கு மாறியபோது, 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்புக்குள் நீர்கோத்திருப்பது எம்ஆர்ஐயில் தெரிந்தது. ஸ்ட்ரெஸ் ஃப்ராக்ச்சருக்கு, அதாவது திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் வரும் மெல்லிய விரிசலுக்கு, முந்தைய படி அது. பத்து வாரமே அவசரம் என்றால் உங்கள் அடுத்த ஞாயிறு எந்தக் கணக்கில் சேரும்?

"நான் ஊரில் வெறுங்காலோடு வரப்பில் திரிந்தவன், எனக்கு எதற்குப் பழக்கம்" என்று நம் ஆட்கள் கட்டாயம் சொல்வார்கள். திரிந்தது சரி. அதற்கப்புறம் ஒயிட்ஃபீல்டில் ஏசி ஆபீஸ், குஷன் ஷூ என்று எத்தனை வருஷம் போயிருக்கிறது? மெக்சிகோவின் ராராமுரி மக்கள் டயரை வெட்டிச் செய்த செருப்பில் மலையேறி ஓடுகிறார்கள், நம் ஊர் டயர் செருப்புக்கு அது ஒன்றுவிட்ட தம்பி மாதிரிதான் இருக்கும். ஆனால் அவர்கள் நடுவில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்கள் இல்லை.

ஆரம்பிக்கும் முன் வீட்டிலேயே இரண்டு சோதனை. குதிகால் தரையில் பதிந்தபடி குந்தி உட்கார முடிகிறதா? முடியவில்லை என்றால் கணுக்கால் இறுக்கம், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அடுத்து, மாடிப்படி விளிம்பில் ஒற்றைக்காலில் நின்று குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். இருபது தடவைக்குள் கால் நடுங்கினால் ஓட்டம் காத்திருக்கட்டும், இதையே ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யுங்கள். சர்க்கரை நோய் இருந்து பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் மெல்லிய ஷூ வேண்டவே வேண்டாம், குத்துகிற முள் உங்களுக்குத் தெரியாது.

வாங்கும்போது: சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கிற நேரத்தில், செய்தித்தாள் மேல் முழு எடையோடு நின்று பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரையுங்கள். ஷூவின் உள்தாளை எடுத்து அதன் மேல் வைத்தால் சுண்டுவிரல் பக்கம் எவ்வளவு வெளியே துருத்துகிறது என்று தெரிந்துவிடும். துருத்தினால் திருப்பி அனுப்புங்கள், போகப் போக இளகும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். டிரெயிலுக்கு என்றால் அடியில் பல் வேண்டும், வெறும் வழவழ அடிப்பாகம் செம்மண் சறுக்கலில் உதவாது. நேராகக் கடைசிப் படிக்குத் தாவப் பயமாக இருந்தால், ஆல்ட்ரா மாதிரி டிராப் பூஜ்யமாகவும் குஷன் உள்ளதாகவும் இருக்கிற ஷூவில் சில மாதம் ஓடிவிட்டு அப்புறம் மெல்லியதுக்கு வாருங்கள்.

நடந்து பழகியபின் ஓட்டம். கால் களைப்பில்லாமல் இருக்கிற ஆரம்பத்தில் ஒரு கிலோமீட்டர் மெல்லிய ஷூவில், மிச்சத்தைப் பழைய ஷூவில். வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும், அடுத்தடுத்த நாள் வேண்டாம். புல்தரை பாதுகாப்பு என்று நினைத்து அங்கேயே ஆரம்பிக்கிறார்கள். எனக்குக் கப்பன் பார்க்கில் சமதளமான கெட்டித் தரைதான் பிடிக்கும், ஏனென்றால் புல் தப்பை மறைத்துவிடும், கெட்டித் தரை உடனே சொல்லிவிடும். தப் தப் என்று சத்தம் வந்தால் காலை உடம்புக்கு ரொம்ப முன்னால் போடுகிறீர்கள் என்று அர்த்தம். அடியைச் சுருக்குங்கள், நிமிடத்துக்கு 170, 180 அடி வரை போகலாம், வேகம் கூட வேண்டியதில்லை. அப்புறம், முன்பாதத்தில் இறங்கு என்றவுடன் சிலர் குதிகாலைத் தரையில் படவே விடாமல் நுனிக்காலில் ஓடுவார்கள். கெண்டைக்காலைக் கெடுத்துக்கொள்ள அதைவிடச் சுலபமான வழி இல்லை. முன்பக்கம் முதலில் தொடட்டும், குதிகால் பின்னாலேயே வந்து லேசாகப் படட்டும்.

காட்டுக்குள் வரும்போது சமதளம் முதலில், ஏற்றம் அடுத்து, இறக்கம் கடைசி. நந்தி மலையின் கற்படிகள், சாவனதுர்கா பாறை போன்றவற்றில் ஏறுவதற்கு முன்னால் இறங்குவதைப் பற்றி யோசியுங்கள். முழங்காலை மடக்கி, குட்டிக் குட்டி அடியாக, பார்வையை மூன்று நான்கு மீட்டர் முன்னால் வைத்து இறங்க வேண்டும். வேகமாகப் போய்க் காலை ஊன்றி நிறுத்தினால் அடி முழுக்கப் பாதத்துக்குத்தான். காய்ந்த கருங்கல் பாறையில் மெல்லிய ரப்பர் அருமையாக ஒட்டும். செப்டம்பர், அக்டோபர் மழையில் அதே பாறையில் கறுப்பாகப் பாசி படிந்திருக்கிற இடத்தில் கால் வைத்தால் அவ்வளவுதான்.

முள் தனி விஷயம். நெருஞ்சி கூடப் பரவாயில்லை, சீமைக்கருவேல முள் மெல்லிய அடிப்பாகத்தை ஊடுருவி உள்ளே வந்துவிடும், தைலமரச் சருகுக்குள் கிடந்தால் கண்ணுக்கும் தெரியாது. சுருக்கென்றால் அடுத்த அடி வைக்காமல் நின்று, ஷூவைக் கழற்றிப் பிடுங்குங்கள், உள்ளே ஒடிந்த நுனி நிற்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆனது என்பதையும் யோசித்து வையுங்கள்.

இரண்டு கெண்டைக்காலும் ஒரே மாதிரி இரண்டு நாள் வலித்தால் பயப்பட ஒன்றுமில்லை. காலையில் கட்டிலிலிருந்து இறங்கும் முதல் அடியில் குதிகால் குத்தினால் தூரத்தைப் பாதியாக்குங்கள். பாதத்தின் மேல்பக்கம் கட்டைவிரலால் அழுத்தும்போது எலும்பு மேல் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மட்டும் சுரீர் என்றால் ஓட்டத்தை அன்றே நிறுத்தி எலும்பு மருத்துவரிடம் போங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் நிம்மதியாகிவிட வேண்டாம், ஸ்ட்ரெஸ் ஃப்ராக்ச்சர் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம்.

பழைய ஷூவை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். நீண்ட இறக்கம், கூர்ங்கல் பாதை, பந்தய நாள் இதற்கெல்லாம் அதுவே போதும். மெல்லியதைச் சில மாதம் போட்டபின் திருப்பிப் பாருங்கள்: குதிகாலின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் இன்னும் காலை முன்னால் நீட்டித்தான் போடுகிறீர்கள், விரல் நுனிப் பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் தரையைத் தேவைக்கு மேல் உந்துகிறீர்கள், எதுவானாலும் திரும்பவும் அந்தக் கெட்டித் தரையில் ஒரு கிலோமீட்டரிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.