ஏத்தன் வாழைக்குலை வெட்டின பிறகு தடியை அழுக விடாதீங்க

ஓணத்துக்கு முன்னாடி களியக்காவிளை, குழித்துறை பக்கமெல்லாம் ஏத்தன் (நேந்திரன் வாழை) குலை வண்டி வண்டியாகக் கேரளத்துக்குப் போகும், வெட்டின தடி மட்டும் தோட்டத்திலேயே கிடந்து அழுகும். அதில் துணி நெய்யும் அளவுக்கு நார் இருக்கிறது.

குலை வெட்டின கையோடு நார் எடுத்துவிட வேண்டும், காய்ந்தால் உரிக்க வராது. தடியில் அடுக்கடுக்காக இருக்கும் மட்டைகளில் வெளிமட்டை நார் முரடு, அது கயிறு திரிக்கத்தான் ஆகும். நடுவில் உள்ள மட்டைகளில் பைக்கும் பாய்க்கும் ஏற்ற நார். துணிக்கு என்றால் உள்மட்டைதான், வெள்ளையாக, மெல்லிசாக, பட்டு போல மினுங்கும். நடுத்தண்டு வழக்கம்போல கூட்டுக்கு.

மட்டையைப் பலகையில் விரித்து மழுங்கின கத்தியால் ஒரே திசையில் வழியுங்கள். கூரான கத்தி வேண்டவே வேண்டாம், மட்டையின் சதையான சோற்றோடு சேர்த்து நாரையும் அறுத்துவிடும். சோறு போனதும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப் போடுங்கள். அப்புறம், பழைய துணி உடுத்திக்கொண்டு உட்காருங்கள், வாழைக்கறை பட்டால் எந்த சோப்புக்கும் லேசில் போகாது!

நெய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று: வாழைநாரைப் பஞ்சு மாதிரி நூற்க முடியாது என்பதால் கையால் எடுத்த நாரை நுனிக்கு நுனி முடிச்சுப் போட்டுத்தான் நீட்டுவார்கள். பாவுக்கு (நீளவாட்டில் ஓடும் இழை) பருத்தி நூல், ஊடைக்கு (குறுக்கே ஓடும் இழை) வாழைநார் என்று வைத்தால் அறுந்து தொல்லை தருவது குறையும், சென்னை அனகாபுத்தூர் நெசவாளர்களும் வாழைநாரைப் பருத்தியோடு கலந்து சேலை நெய்கிறார்கள். நார் ரொம்பக் காய்ந்து முறுகினால் லேசாக ஈரம் தெளித்துக்கொள்ளுங்கள்.